27 சதவீத தேசபக்தி

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆபிஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதுற மூடு இல்லதான்... ஆனா எங்க டேமேஜர் டீம் வாட்ஸ்அப் குரூப்ல போட்ட ஒரு ஃபார்வர்டு காலையிலேர்ந்து மண்டையைக் குடையுது. அதான் பொட்டியைத் தட்ட உக்காந்துட்டேன்.

ஃபார்வர்டு இதுதான். 1914, முதல் உலகப்போர். ஜெர்மன் படை பாரிஸை நெருங்கிருச்சு. பட்டாளத்தைக் கொண்டுபோக வண்டி பத்தல. பாரிஸ் டாக்சிக்காரங்க ராத்திரியோட ராத்திரியா சிப்பாய்களை ஏத்திக்கிட்டுப் போய் நாட்டைக் காப்பாத்தினாங்க. இதுவரைக்கும் சரி. கடைசியில ஒரு வரி: "அவன் மீட்டரைப் பார்க்கல, நாட்டைப் பார்த்தான். நம்ம ஊர் ஆட்டோக்காரன் பார்ப்பானா?"

கீழ வரிசையா கைதட்டல் பொம்மைங்க. கைதட்டின அத்தனை பேரும் முந்தின நாள் இருபது ரூபாய்க்காக கேப் டிரைவர்கிட்ட மல்லுக்கட்டினவங்க :-)

எனக்கு சுர்ருன்னு ஏறினது அந்தக் கடைசி வரியிலதான். ஏன்னா மக்களே, மீட்டர் ஓடுச்சு!

ஆமா. செப்டம்பர் 6, 7 தேதிகள்ல ஜெனரல் கலியெனி உத்தரவுப்படி சுமார் 600 டாக்சி திரட்டினாங்க. பெரும்பாலும் சின்ன ரெனோ வண்டிங்க. ஒரு வண்டிக்கு அஞ்சு சிப்பாய், நாலு பேர் பின்னாடி, ஒருத்தர் டிரைவர் பக்கத்துல. முன்னாடி போற வண்டியோட பின்விளக்கைப் பார்த்துக்கிட்டே இருட்டுல நான்தேய் ஊர் வரைக்கும் ஓட்டினாங்க. எல்லாம் முடிஞ்சதும் பிரெஞ்சு கஜானா மீட்டர் கணக்குப்படி பணம் கொடுத்துச்சு. மொத்தம் 70,012 பிராங்க். அதுல டிரைவர் கைக்குப் போனது மீட்டர் தொகையில 27 சதவீதம். நூறு ரூபாய் மீட்டர்னா ஓட்டினவனுக்கு 27 ரூபாய்.

கதையில டிரைவர் 100 சதவீதம் தேசபக்தன். கணக்குல 27 சதவீதம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த டாக்சிங்க கொண்டுபோனது சில ஆயிரம் பேரைத்தான். அந்தப் பக்கம் சண்டை போட்ட பிரெஞ்சு 6ஆவது படையில இருந்தவங்க சுமார் ஒன்றரை லட்சம் பேர். மத்தவங்க ரயில்லயும் நடந்தும்தான் போனாங்க. பாரிஸைக் காப்பாத்தினது டாக்சின்னு சொல்றது கொஞ்சம் சினிமா. ஆனா என் கோபம் சினிமா மேல இல்ல. அந்த சினிமாவுல ஹீரோ வண்டிதான், டிரைவர் இல்ல. அதுமேலதான். பாரிஸ் ராணுவ மியூசியத்துல அந்த டாக்சி ஒண்ணை இன்னும் பளபளன்னு வெச்சிருக்காங்க. அதை ஓட்டினவங்க பேரு உங்கள்ல யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது.

சரி, நூறு வருஷத்துக்கு முந்தின பிரெஞ்சுக்காரனுக்காக நீ ஏன்டா குதிக்கிறேன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

போன மாசம் ஒரு ரிலீஸ் முடிச்சிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஓ.எம்.ஆர்.ல கேப்ல வந்துட்டு இருந்தேன். டிரைவருக்கு அம்பது வயசு தாண்டியிருக்கும். தூக்கம் வரக்கூடாதுன்னு நான்தான் பேச்சுக் கொடுத்தேன். "எவ்ளோ நாளாண்ணே வண்டி ஓட்டுறீங்க?"

"முப்பது வருஷம் தம்பி. நடுவுல குவைத்துல டிரெய்லர் ஓட்டினேன். இராக் சண்டை சமயம்."

அப்புறம் அவரே சொல்ல ஆரம்பிச்சாரு. பார்டர் தாண்டிப் போனா ட்ரிப்புக்குக் கொஞ்சம் கூடுதல் காசு. என்ன லோடுன்னு சொல்ல மாட்டாங்க. பாஸ்போர்ட் கம்பெனி கையில. வழியில வண்டி நின்னா இறங்கிப் பார்க்கக் கூடாது. அஞ்சு ட்ரிப் போயிருக்காரு. "வீட்டுக்குப் போன் பண்ணா குவைத்துலதான் இருக்கேன்னு சொல்லுவேன் தம்பி. செத்துப்போயிருந்தா, குவைத்துல இருந்தவன் எப்படி இராக்குல செத்தான்னு என் பொண்டாட்டிக்குப் புரிஞ்சே இருக்காது."

எழுத்துல ஏதாவது கொடுத்தாங்களாண்ணேன்னு கேட்டேன். சிரிச்சாரு. "லோடு சீட்டு கொடுத்தாங்க."

சரக்குக்குச் சீட்டு இருந்துச்சு. மனுஷனுக்கு இல்ல.

அவர் மிகைப்படுத்தலன்னு எனக்குத் தெரியும். 2004 ஜூலையில குவைத் கம்பெனி ஒண்ணுக்காக இராக்குக்குள்ள லாரி ஓட்டிப்போன 3 இந்தியர், 3 கென்யர், ஒரு எகிப்தியர்னு 7 பேரைக் கடத்திட்டுப் போனாங்க. அந்தக் கம்பெனி இராக்கை விட்டு வெளியேறணுங்கிறது கடத்தினவங்களோட கோரிக்கைகள்ல ஒண்ணு. ஒன்றரை மாசம் கழிச்சு செப்டம்பர் 1ஆம் தேதிதான் விட்டாங்க. சண்டை போட்டது யாரு யாரோ. கழுத்துல கத்தி வெச்சது லாரி டிரைவருக்கு.

இது ஏதோ ஒரு நாட்டோட, ஒரு கம்பெனியோட கெட்ட பழக்கம் இல்ல. போருக்குன்னு பொதுமக்கள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் இதே கதைதான்.

இரண்டாம் உலகப்போரை எடுத்துக்கோங்க. பிரிட்டனுக்கு சாப்பாடு, எண்ணெய், வெடிமருந்து எல்லாம் கொண்டுவந்தது வணிகக் கப்பல்கள். போர் தொடங்கின முதல் ஒன்றரை வருஷம் அதுல ஒரு நடைமுறை இருந்துச்சு: கப்பல் மூழ்கின நாளோட மாலுமியோட சம்பளம் கட்! நடுக்கடல்ல படகுல மிதந்துட்டு இருப்பான், சம்பளம் ஓடாது. வேலை செய்யக் கப்பல் இல்லல்ல, அதனால வேலையும் இல்லையாம். 1941 மே மாசம்தான் புது உத்தரவு போட்டு இதை நிறுத்தினாங்க.

அந்தக் கப்பல்கள்ல வேலை பார்த்தவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர். லஸ்கர்னு சொல்லுவாங்க. கொதிக்கிற கொதிகலன் அறை வேலை பெரும்பாலும் இவங்களுக்குத்தான். சம்பளம் வெள்ளைக்காரனுக்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு குறைவு. 1939ல போர் தொடங்கினதும் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் பண்ணினவங்களை ஜெயில்ல போட்டாங்க. செத்தவங்க 6,000 பேருக்கு மேல. லண்டன் டவர் ஹில்ல பிரிட்டிஷ் மாலுமிங்க பேரை வெண்கலத்துல பொறிச்சு வெச்சிருக்காங்க. லஸ்கர்களோட பேரு? சிட்டகாங்லயும் மும்பையிலயும் ஒரு புத்தகத்துல இருக்கு. சாவுலகூட கிளாஸ் பிரிச்சிருக்கான் பாருங்க.

1982 ஃபாக்லாந்து போருக்கு வாங்க. 'அட்லாண்டிக் கன்வேயர்'னு ஒரு கன்டெய்னர் கப்பலை பிரிட்டன் எடுத்துக்கிட்டு, மேல்தளத்துல போர் விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் ஏத்தினாங்க. போர்க்கப்பலுக்கு ஏவுகணையைத் திசைதிருப்ப உலோகத் துகள் வீசுற கருவி உண்டு. இதுக்கு அதுகூட மாட்டல. மே 25ஆம் தேதி அர்ஜென்டினா விமானங்கள் ஏவுகணை விட்டுச்சு. போர்க்கப்பல்கள் துகளை வீசித் தப்பிச்சுச்சு. ஏவுகணை அடுத்ததாக் கண்ணுல பட்ட இந்த சரக்குக் கப்பல்ல வந்து விழுந்துச்சு. கேப்டனையும் சேர்த்து 12 பேர் செத்தாங்க.

நாங்க ஒரு சர்வரை புரொடக்ஷனுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஃபயர்வால் இருக்கா, பேக்கப் இருக்கான்னு நாப்பது கேள்வி கேப்போம். இங்க ஒரு முழுக் கப்பலையே அதுவும் இல்லாம போர்முனைக்கு அனுப்பியிருக்காங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடலாம். சிப்பாயையோ குண்டையோ ஏத்தின நிமிஷமே உங்க வண்டி ராணுவ இலக்கு. எதிரி அதை அடிச்சா போர்ச் சட்டப்படி அது குற்றம் இல்ல. அதே சமயம் 1949 ஜெனீவா மூணாவது உடன்படிக்கை, 4ஆவது பிரிவுல, படையோட கூடப்போற சிவிலியன்களும், வணிகக் கப்பல் மாலுமிகளும் பிடிபட்டா போர்க்கைதி மரியாதை கொடுக்கணும்னு இருக்கு. கூடப்போற சிவிலியனுக்கு அந்தப் படைதான் அடையாள அட்டை கொடுக்கணும். நம்ம குவைத் அண்ணன்கிட்ட இருந்தது லோடு சீட்டு! அப்படியே உங்க வண்டி இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்து, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படிங்க. போரால வர்ற சேதத்துக்கு கம்பெனி பொறுப்பில்லன்னு இருக்கும்.

ஆக, போர்னு வந்துட்டா டிரைவருக்கு எதிரி குண்டு உண்டு. இன்சூரன்ஸ் கிடையாது, பென்ஷன் கிடையாது, மெடல் கிடையாது, பல நேரம் பேரே கிடையாது. இதுக்குப் பேரு தியாகம் இல்ல மக்களே, சுரண்டல்.

"நாடே ஆபத்துல இருக்கும்போது காசு கணக்கு பார்க்கலாமா?"ன்னு பின்னூட்டத்துல யாராவது வருவீங்க. தாராளமா வாங்க. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிற சிப்பாய்க்கு சம்பளம் இருக்கு, பென்ஷன் இருக்கு, குடும்பத்துக்கு உதவி இருக்கு. இருக்கணும், இன்னும் கூடக் கொடுக்கணும். அவருக்குக் கொடுக்கிறதால அவரோட தேசபக்தி குறைஞ்சிடுச்சுன்னு யாரும் சொல்றதில்ல. அப்போ அவரை ஏத்திக்கிட்டுப் போனவன் கேட்டா மட்டும் ஏன் துரோகி?

போர் வந்தா வண்டி எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. வேற வழியே இல்லாத நேரம் வரும், தெரியும். 1940ல டன்கர்க்ல மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் வரலன்னா கடற்கரையில நின்ன எத்தனையோ பேர் கப்பல் ஏறியிருக்க மாட்டாங்க. நான் கேக்கிறது மூணே விஷயம்:

1. எங்க போறோம், என்ன ஏத்துறோம், என்ன ஆபத்துன்னு ஓட்டுறவனுக்கு முன்னாடியே சொல்லணும். மாட்டேன்னு சொல்ற உரிமையும் இருக்கணும்.

2. அடையாள அட்டை, முழுக்கூலி, காயத்துக்கும் சாவுக்கும் சிப்பாய்க்குச் சமமான ஈட்டுத்தொகை. எல்லாம் எழுத்துல.

3. நினைவுச் சின்னம் வைக்கிறதா இருந்தா வண்டியோட சேர்த்து ஓட்டினவன் பேரையும் வைங்க.

இதையெல்லாம் சுருக்கி நம்ம குரூப்ல போட்டேன். "மீட்டர் ஓடுச்சு சார். டிரைவருக்கு 27 சதவீதம்தான் கிடைச்சுது"ன்னு. பத்து நிமிஷம் ஒரே அமைதி. அப்புறம் டேமேஜர் ஒரு கட்டைவிரல் போட்டாரு. அதுக்கடுத்து குட்மார்னிங் ரோஜாப்பூ வந்துச்சு, மேட்டர் முடிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி இறங்கும்போது அந்த அண்ணன்கிட்ட, "இந்த ட்ரிப்ல உங்களுக்கு எவ்ளோண்ணே வரும்?"னு கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினாரு. நான் கொடுத்ததுக்கும் அவருக்கு வந்ததுக்கும் நடுவுல நல்ல இடைவெளி. 27 சதவீதம் அளவுக்கு மோசம் இல்ல. ஆனா யாரும் இவரைச் சண்டைக்கும் கூப்பிடலையே.

டிஸ்கி: அந்த அண்ணன் பேரை எழுதல. எழுதட்டுமான்னு கேட்டேன். "வேணாம் தம்பி, அஞ்சு ட்ரிப் போனது வீட்ல இன்னும் தெரியாது"ன்னுட்டாரு.