கடையைத் திறக்காமல் திருடன் என்பதா?

2010-ஆம் வருஷத்துத் தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போயிருந்தேன். தெருவெல்லாம் காளி வேடமும் குறவன் வேடமும் குரங்கு வேடமும் மேளச் சத்தமுமாக ஊர் அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. என் மருமகன் மட்டும் வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, இதுல உங்க பேரையும் போடுங்க" என்றான்.

விஷயம் இதுதான். கோட்மாஸ்டர்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் அந்த வருஷம் 'இன்டர்நேஷனல் கிரிக்கெட் 2010' என்ற ஆட்டத்தை வெளியிட்டிருந்தது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்ற இரண்டு கன்சோல்களில் மட்டும்தான் அதை ஆட முடியும். கன்சோல் என்பது டெலிவிஷனோடு மாட்டி ஆடுகிற பெட்டி. முந்தின வருஷம் அதே நிறுவனத்தின் 'ஆஷஸ் கிரிக்கெட் 2009' கம்ப்யூட்டருக்கும் வந்திருந்தது. இந்த முறை இல்லை. "எங்களுக்கும் வெளியிடுங்கள்" என்று ரசிகர்கள் கேட்டார்கள்.

திண்ணையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சிரித்தார்.

"1942-ல உப்பளத்துக்குள்ள புகுந்து தூக்குத் தண்டனை வரைக்கும் போன ஊரு இது, அண்ணாச்சி. இன்னிக்குப் பயலுவ பொம்மை ஆட்டத்துக்கு வெள்ளைக்காரனுக்கு மனுப் போடுதானுவ!"

அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

உப்பையும் ஆட்டத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால், மனு என்றதும் வளைந்த முதுகுதான் வாத்தியாருக்கு ஞாபகம் வருகிறது. இந்த மனுவில் அந்த வளைவு எங்கே இருக்கிறது? இனாமாகக் கொடு என்று யாரும் கேட்கவில்லையே! "பணம் தருகிறோம், பொருளை விற்றுக்கொள்" என்றுதான் கேட்கிறார்கள். தசராவுக்கு வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்கிறவனை இந்த ஊரில் பிச்சைக்காரன் என்று எவராவது சொன்னதுண்டா? கேட்பதெல்லாம் யாசகமாகிவிடாது. வாடிக்கைக்காரன் கேட்பது அவனுடைய உரிமை.

பதிப்பாளர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் வாங்க மாட்டார்களாம்; நகல் எடுத்துத் திருடிவிடுவார்களாம். இதில் உண்மையே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. நம் ஊர்க் கடைவீதிகளில் கள்ளத் தட்டுகள் விற்றதை நானே பார்த்திருக்கிறேன். வாங்கியவர்களில் என் மருமகனும் உண்டு. அது தப்புதான். ஆனால், கடையைப் பூட்டி வைத்துவிட்டு, "வாசல் வழியாக ஒருவனும் வரவில்லை, எல்லோரும் கொல்லைப்புறமாகவே வருகிறார்கள்" என்று புகார் சொல்லுவது என்ன நியாயம்? திருட்டைக் காட்டி விற்க மறுப்பது. விற்காததனால் திருட்டு வளருவது. வளர்ந்த திருட்டைக் காட்டி மறுபடியும் மறுப்பது! செக்குமாடு கூட இப்படிச் சுற்றாது.

கன்சோல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 2007-இல் வந்தபோது அதன் விலை 39,990 ரூபாய். உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவன் மகனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! அதே பையனுக்கு 2011-இலிருந்து தமிழ்நாடு அரசாங்கமே இலவச மடிக்கணினி கொடுத்தது. லட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். புதிய ஆட்டங்களை இழுக்கும் வலு அதற்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால், இ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006-இல் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்த நிறுவனம் அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் ஆட்டமே போடவில்லை. ரசிகர்கள் விட்டார்களா? வருஷா வருஷம் புதிய ஆட்டக்காரர்களின் பெயர்கள், புதிய சட்டைகள், புதிய மைதானங்கள் என்று தாங்களே செய்து சேர்த்து, கைவிடப்பட்ட அந்தப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கினார்கள். ஒரு காசு கூலி கிடையாது. இவர்களையா திருடர்கள் என்கிறீர்கள்?

கேட்டு என்ன பயன் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானிய ஆட்டமான 'டார்க் சோல்ஸ்' கன்சோலில் மட்டும் இருந்தது. 2012 தொடக்கத்தில் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே கம்ப்யூட்டருக்கு வந்தது. அரைகுறையாகத்தான் வந்தது. அந்தக் குறையைத் திருத்தித் தந்தவரும் ஒரு ரசிகரே! அமெரிக்கக் கால்பந்து ஆட்டமான 'மேடன்' 2007-க்குப் பிறகு கம்ப்யூட்டரை விட்டு ஓடிவிட்டு, 2018-இல் திரும்பி வந்தது. அப்படியானால் முடியாது என்பதல்ல, மனமில்லை என்பதுதானே பொருள்?

'இன்டர்நேஷனல் கிரிக்கெட் 2010' கடைசிவரை கம்ப்யூட்டருக்கு வரவில்லை. 2021-இல் கோட்மாஸ்டர்ஸை இ.ஏ. நிறுவனமே விலைக்கு வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் போட்டி போட்டுக் கிரிக்கெட் ஆட்டம் செய்த இரண்டு வீடுகளும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மெல்போர்னிலிருந்து பிக் ஆன்ட் என்ற சின்ன நிறுவனம் தன் கிரிக்கெட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டருக்கும் விற்றுக்கொண்டு வந்திருக்கிறது. பெட்டிக்கடைக்காரனால் முடிந்தது ஜவுளிக்கடல் முதலாளியால் முடியாதா?

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். இங்கிருந்து ஏவினால் கடல்மேல் நேராகப் போகலாம். நேர்வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு என்று விஞ்ஞானிக்குத் தோன்றியது, வியாபாரிக்கு ஏன் தோன்றவில்லை? அவன் வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்னொரு பெட்டியை வாங்கிவிட்டு வா என்பது அவனை இலங்கையைச் சுற்றி வரச் சொல்வதுதான்.

அன்று நான் கையெழுத்துப் போட்டேன். போடுமுன் மருமகனிடம் ஒரு வாக்குக் கேட்டேன்: "வந்தா காசு கொடுத்துத்தான் வாங்கணும், சரியாடே?" தலையை ஆட்டினான். இன்று அவன் சம்பளக்காரன். 2023-இல் பிக் ஆன்டின் 'கிரிக்கெட் 24' வந்ததும் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டு, ரசீதை எனக்குக் காட்டினான்.

வாத்தியாருக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து என் பதில் அந்த ரசீதுதான்.