வெளிறிய சவுக்கு நாற்றுக்கு யூரியாவா?

“தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் சவுக்கு நாற்று விடுகிறோம். இரண்டு மாதமாகியும் வெளிறியே நிற்கிறது. யூரியா கொடுக்கலாமா?”
- வாசகர், கடலூர் மாவட்டம்.

அவசரப்பட வேண்டாம். இரண்டு நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். நிலக்கடலைக்கு ரைசோபியம்போல, சவுக்குக்கு ஃபிராங்கியா என்ற பாக்டீரியா. வேரில் முடிச்சுக் கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். பழைய சவுக்குத் தோப்பு மண்ணில் இது தானாகவே இருக்கும், நார்க்கழிவில் இருக்காது. முடிச்சே இல்லையென்றால் குறை பெரும்பாலும் அங்கேதான். (கழுவாத நார்க்கழிவின் உப்பும் நாற்றை வெளிற வைக்கும்; அதையும் பார்த்துவிடுங்கள்.) யூரியா போட்டால் பச்சை திரும்பும். ஆனால், தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் வேர் முடிச்சுக் கட்டாது. நட்ட பிறகும் உரத்துக்குக் கையேந்தும்.

செழிப்பான தோப்பில் மேல்மண்ணைக் கிளறினால் பவளக்கொத்துபோல முடிச்சுகள் கிடைக்கும். வேரே ஆங்காங்கே வீங்கியிருந்தால் அது நூற்புழு, தொடாதீர்கள். கெட்டியான, இளம் முடிச்சுகளைக் கழுவி, உரலில் நசுக்கி, கிணற்று நீரில் கரைத்து வடிகட்டி, மாலையில் வேர் நனைய ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது. அந்தச் சமயத்தில் பூஞ்சணக்கொல்லியும் வேண்டாம்.

தோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். மரங்கள் வாடிக் காய்ந்த தோப்பில் எடுத்தால், முடிச்சோடு வாடல் நோயும் வந்துசேரும். ஒரு வாளிக் கரைசலில் மொத்த நாற்றும் போய்விடும். நம்பகமான தோப்பு அருகில் இல்லாதவர்கள், ஃபிராங்கியா பற்றி ஆய்வு செய்துவரும் கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தில் விசாரிக்கலாம். ஊற்றி ஐந்தாறு வாரம் கழித்து மறுபடி வேரைப் பாருங்கள்.