கை இரைச்சல் நின்றால் பிரட்டுக்குப் போகாதீர்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் டயலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மெஷினுக்கு இரத்தம் போய்வர அவர்கள் கையில் ஒரு வழி வேண்டும். சொந்த இரத்தக் குழாய்களையே இணைத்துச் செய்வது பிஸ்டுலா. அதற்குக் குழாய்கள் போதாதவர்களுக்குத் தோலுக்கடியில் செயற்கைக் குழாய் வைப்பார்கள். இதில் இரத்தம் கட்டி அடைபடும் ஆபத்து பிஸ்டுலாவைவிட அதிகம்.

நமக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. காலையில் கையில் அதிர்வு இல்லை என்பதை அவரே கண்டுகொண்டார். ஆனால் அன்றைய பேர் போய்விடும் என்று பிரட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் டயலிசிஸுக்குப் போனபோது குழாய் முற்றாக அடைபட்டிருந்தது. கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டார்கள். அதில் கிருமி தொற்றும் பயம் வேறு.

அக்காவின் கவனத்தில் குறையில்லை. குறை, ஒருநாள் சம்பளத்துக்காக உயிர்வழியைப் பணயம் வைக்கும் நிலைமையில் இருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ஓடும்போது சுவரில் கைவைத்தால் ஓர் அதிர்வு தெரியுமே, குழாய்மீது விரல் வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். காது வைத்தால் இரைச்சல் கேட்கும். தினமும் காலையும் மாலையும் அரை நிமிடம் பார்த்தால் போதும். அதிர்வு குறைந்து வெறும் துடிப்பு மட்டும் தட்டினால், கை வீங்கினால், ஊசி எடுத்தபின் இரத்தம் நிற்க நேரமானால், குழாய் ஒடுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதிர்வே இல்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். கட்டி பழையதாக ஆக, எடுப்பது கடினம்.

குழாயில் ஓடும் இரத்தத்தின் அளவை அளக்கும் கருவிகள் வெளிநாடுகளில் உண்டு. ஆனால் அப்படி அளப்பதால் மட்டும் செயற்கைக் குழாய் கூடிய காலம் நிலைக்கும் என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கைவைத்துப் பார்ப்பதே இன்றும் அடிப்படை. எனவே லயத்திலுள்ள பிள்ளைகளும் இதைப் பழகட்டும். நோயாளர் அசந்து கிடக்கும் நாளில் பிள்ளை பார்த்துச் சொல்லும்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். இறுக்கமான வளையல் வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்க வேண்டாம். கொழுந்துப் பை, பால் வாளி எதையும் அந்தக் கையில் தூக்க வேண்டாம்.

கடைசியில் சொன்னதை நோயாளர் தனியாகக் கடைப்பிடிக்க முடியாது. ஆகவே தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்கிறோம்: டயலிசிஸ் நாளிலும், குழாய் அடைபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் பேர் வெட்டாதீர்கள். பாரமில்லாத வேலை கொடுங்கள். அவசரத்துக்கு வாகனம் கொடுங்கள். ஆஸ்பத்திரிகளிடம் கேட்பது ஒன்று: குழாயைப் பார்க்கும் முறையைத் தமிழில் ஒரு தாளில் தாருங்கள். 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களத்தில் மட்டும் எழுதித் தந்த அறிவுரை நம் நோயாளர்களில் பலருக்கு வெற்றுத் தாள்தான்.

உங்கள் லயத்தில் டயலிசிஸ் செய்பவர் இருந்தால் தோட்டக் கமிட்டியில் பெயர் கொடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தக் கோரிக்கைகளையும் மேசைமீது வைப்போம்.