குதிகால் நடிக்காது!

பையன் நொண்டிக்கொண்டு வந்தால் நம் ஊரில் மூன்று தீர்ப்புகள் தயார். பாட்டி: "கண்ணு பட்டுடுச்சு!" அப்பா: "ட்யூஷனுக்கு டபாய்க்கிறான்!" டிரில் மாஸ்டர்: "நடிக்காதேடா, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு!"

என் அக்கா பையனுக்கு இந்த மூன்று தீர்ப்பும் கிடைத்தது. வயசு 10. காலையில் கிரிக்கெட், சாயங்காலம் ஃபுட்பால், நடுவே கொஞ்சம் பள்ளிக்கூடம். எலும்பு டாக்டர் அவன் குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினார். "ஆ... மாமா!" பரிசோதனை முடிந்தது.

"சீவர்ஸ் டிசீஸ்" என்றதும் அக்கா முகம் வெளிறியது. "பேர்லதாம்மா டிசீஸ்" என்று சிரித்தார் டாக்டர். 1912-ல் இதை விவரித்த அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் சீவரின் பெயராம். பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பையன் கேட்டான்: "நான் பொய் சொல்லலேன்னு அதுல எழுதியிருக்கா மாமா?"

விஷயம் இதுதான். சுமார் 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் பின்பக்கம் இன்னும் இறுகாத குருத்து. கெண்டைக்கால் தசைநார் பிடித்துத் தொங்குவது அங்கேதான். எலும்பு கிடுகிடுவென வளர்கிறது. தசை அந்த வேகத்துக்கு நீளாமல் இழுக்கிறது. போதாக்குறைக்கு ஓட்டம், குதியல்! பி.காம். பாஷையில், வரவுக்கு மீறிய செலவு.

செலவைக் குறைத்தால் போதும். வலி தணியும்வரை ஓடுவதையும் குதிப்பதையும் குறைக்கணும். நீச்சலடிக்கலாம். விளையாடி வந்ததும் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிஷம். ஷூவுக்குள் மெத்தென்ற ஹீல் பேட். சுவரில் கையூன்றி, பின்கால் முட்டியை மடக்காமல், குதிகாலைத் தூக்காமல் முன்னால் சாய்ந்து 30 விநாடி நிற்கணும். தினமும் இரண்டு மூன்று தடவை.

சில வாரத்தில் அடங்கும். சில பேருக்கு மாதங்கள். திரும்பவும் வரலாம். 15 வயசுவாக்கில் குருத்து எலும்போடு ஒட்டியதும் கணக்கு முடிந்தது. பாக்கி எதுவும் நிற்காது.

ஆனால் வீக்கம், சிவப்பு, ஜுரம், தூக்கத்தைக் கெடுக்கும் வலி, அடிபட்டுக் காலை ஊன்றவே முடியாமை... இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அது வேறு கணக்கு.

உங்கள் வீட்டு வாண்டு "வலிக்குது" என்றால் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், சார். குதிகாலை அழுத்திப் பாருங்கள். முகம் நடிக்கும், குதிகாலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது!