'எல்-ஒய்' பார்த்து ஏமாறாதீர்கள்!

வார்த்தையின் கடைசியில் 'எல்-ஒய்' இருந்தால் அட்வெர்ப், இல்லாவிட்டால் அட்ஜெக்டிவ். நம்மில் பலர் பள்ளியில் கற்ற இலக்கணம் இவ்வளவுதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்ய ரொம்ப வசதி. ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்காமலே விட்டிருந்தால் பாதி தவறுகள் குறைந்திருக்கும்.

ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, காஸ்ட்லி... எல்லாமே 'எல்-ஒய்'யில்தான் முடிகின்றன. எல்லாமே அட்ஜெக்டிவ்! ஃபாஸ்ட் என்பதற்கு வாலே கிடையாது. 'ஃபாஸ்ட் கார்' என்றால் அட்ஜெக்டிவ், 'ரன் ஃபாஸ்ட்' என்றால் அட்வெர்ப். வால் வேண்டுமே என்று யாராவது 'ஃபாஸ்ட்லி' என்று எழுதினால் அப்படி ஒரு வார்த்தை வழக்கில் இல்லை.

ஹார்ட் இன்னும் மோசம். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் கடுமையாக உழைப்பவன் என்று சொல்ல நினைத்து 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்று எழுதிவிட்டால், 'நான் வேலை செய்வதே அபூர்வம்' என்று அர்த்தமாகிவிடும். இலக்கணப் பிழைகூட இல்லை பாருங்கள், அதுதான் ஆபத்து. மேனேஜர் சிரித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவோடு கடைசியில் ஒரு 'எ' ஓசை சேர்த்தால் அட்வெர்ப் ஆகிவிடும். காலப்போக்கில் அந்த ஓசை தேய்ந்து மறைந்தது. அதனால்தான் ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டு வேலைக்கும் ஒரே உருவத்தில் நிற்கின்றன. ஃப்ரெண்ட்லியின் வாலும் ஸ்லோலியின் வாலும் ஒன்றுபோல் ஆனதும் இப்படித்தான்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? வாலை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். பெயரைப் பற்றிச் சொன்னால் அட்ஜெக்டிவ். வினையையோ, இன்னொரு அட்ஜெக்டிவையோ, அட்வெர்பையோ பற்றிச் சொன்னால் பெரும்பாலும் அட்வெர்ப். தமிழ் தெரிந்தவர்களுக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: 'ஆன', 'ஆக'. அழகான பாட்டு, அழகாகப் பாடினாள். 'காஸ்ட்லியான புடவை' என்று கடைத்தெருவில் பேசுகிறவர்கள் யாரும் இலக்கணம் படித்துவிட்டு 'ஆன' போடவில்லை!

ஆனால் இந்தக் கருவியும் ஓர் இடத்தில் காலை வாரும். இதைத்தான் யாரும் வகுப்பில் சொல்வதில்லை. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்று தமிழில் 'ஆக' வருகிறதல்லவா? அதை அப்படியே கொண்டுபோய் 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. அழகு அவளுக்கு, பார்க்கிற வேலைக்கு அல்ல. 'பியூட்டிஃபுல்' தான் சரி.

அவர் கோபமாகத் தெரிந்தார், அவர் கோபமாகப் பார்த்தார். தமிழில் இரண்டிலும் 'கோபமாக' தான். ஆங்கிலத்தில் முதலாவது 'லுக்ட் ஆங்க்ரி', இரண்டாவது 'லுக்ட் அட் மீ ஆங்க்ரிலி'. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு 'வாஸ்' அல்லது 'இஸ்' போட்டுப் பாருங்கள். அர்த்தம் ஏறக்குறைய அதேபோல் நின்றால் அங்கே அட்ஜெக்டிவ் வேண்டும். 'ஃபீல்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'சவுண்ட்' எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

1997-ல் ஆப்பிள் நிறுவனம் 'திங்க் டிஃபரன்ட்' என்று விளம்பரம் செய்தபோது, அது 'டிஃபரன்ட்லி' அல்லவா என்று இலக்கணப் பிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரம் ஜெயித்தது. பரீட்சைத் தாளில் மட்டும் 'டிஃபரன்ட்லி' என்றே எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் ஆப்பிள் ரசிகராக இருப்பார் என்று நம்பி மார்க்கை இழக்க வேண்டாம் :-)