விழுந்த பிறகு வந்த பலகை

மதிப்பிற்குரிய பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து எழுதுகிறேன். சாலையில் வெட்டிய பள்ளம் விஷயமாகக் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. பிறகு 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வரி வந்தது. அந்த நடவடிக்கையைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் ஊரில் இன்னும் யாருக்கும் கிட்டவில்லை. அதனால்தான் இந்த மடலை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். தங்கள் பதவிக்குரிய மரியாதையில் குறையொன்றும் வைக்கவில்லை.

சாலைப் பணி நடக்கும் இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும், பலகையை எவ்வளவு தூரத்துக்கு முன்பே நட வேண்டும் என்பதையெல்லாம் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தனிப் புத்தகமாகவே போட்டிருக்கிறது. தங்களுக்கு அது பாடம். நான் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஓர் இரவில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எந்த இடம் என்று தங்களுக்குத் தெரியும். சிறுபாலம் கட்டுவதற்காகச் சாலையில் ஒரு பாதியை வெட்டிப் போட்டிருக்கிறீர்களே, அந்த இடம். எங்கள் பக்கத்துக் கூலி நெசவாளி ஒருவர், நெய்து முடித்த சேலைகளை ஆரணியில் முதலாளி வீட்டில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த பாவும் ஊடையும் வாங்கிக்கொண்டு மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். இருட்டிவிட்டது. எதிரே அரிசி மூட்டை ஏற்றிய லாரி, முகப்பு விளக்கைத் தணிக்காமல் வந்தது. களம்பூர் அரிசியும் ஆரணி அரிசியும் லாரி ஏறாத இரவு எது? அது ஒன்றும் யாரும் எதிர்பாராத சம்பவம் இல்லை. கண் கூசியதும் அவர் இடப்பக்கம் ஒதுங்கினார். வண்டி ஓட்டப் பழக்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இடப்பக்கத்தில் சாலை இல்லை.

அடையாளமே வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சவுக்குக் கம்பு இருந்தது, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. இருட்டில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும் என்பதைப் பொறியியல் படிக்காத எங்களாலேயே சொல்ல முடியும். பக்கத்தில் ஒரு பழைய தார் டின். அதில் ஒளிரும் ஒட்டுத்தாள்கூட இல்லை. அவ்வளவுதான் ஏற்பாடு.

பள்ளத்துக்குள் நெடுநேரம் கிடந்திருக்கிறார். கடைசியில் வந்த 108 வண்டியே பள்ளத்துக்கு முன்னால் நின்று, போக்கு எந்தப் பக்கம் என்று அங்கிருந்தவர்களைக் கேட்டது. அடுக்கம்பாறை மருத்துவமனையில் இடுப்பிலும் வலது தொடையிலும் எலும்பு முறிவு என்றார்கள். சேற்று நீரில் ஊறிய பட்டுப் பாவு வீடு வந்து சேர்ந்தது. அதற்கான பணத்தை முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். எந்தக் கூலியில் என்பதுதான் தெரியவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க இரண்டு காலும் வேண்டும், ஐயா.

மறுநாள் காலை பலகை வந்துவிட்டது! 'பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்.' புதுப் பெயிண்ட், நல்ல எழுத்து. அதையும் பள்ளத்தின் விளிம்பிலேயே நட்டார்கள். வாசித்து முடிக்கும்போது ஆள் உள்ளே இருப்பார். ஓர் இரவுக்குள் எழுதிக் காயவைத்துக் கொண்டுவர முடியுமா என்ன? ஏற்கெனவே எங்கோ கிடங்கில் படுத்திருந்த பலகைதான் அது. பலகை இருந்தும் வைக்கவில்லை என்பது பலகையே இல்லை என்பதைவிட மோசம்.

காவல் நிலைய ஏட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து தானே விழுந்தாராம். பாவு மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வந்த மொபெட் அதிவேகம். ஆளுயரத்துக்குத் தோண்டிவிட்டு விளக்கில்லாமல் வீட்டுக்குப் போனது ஜாக்கிரதை.

2025 மே மாதத் தொடக்கத்தில் தாராபுரம் அருகே நடந்தது தங்கள் காதுக்கு வராமல் இருந்திருக்காது. பாலப் பணிக்கு வெட்டிய பள்ளத்தில் பைக்கோடு விழுந்து கணவனும் மனைவியும் இறந்தார்கள், மகள் படுகாயத்தோடு பிழைத்தாள். தமிழ்நாடே பேசியது. அதற்கு மேல் ஓர் எச்சரிக்கை வேண்டுமா? 2013 முதல் 2017 வரை ஐந்தே ஆண்டுகளில் சாலைக் குழிகள் 14,926 பேரைக் கொன்றன என்ற கணக்கைப் பார்த்து, எல்லையிலோ பயங்கரவாதிகளாலோ கொல்லப்பட்டவர்களைவிட இது அதிகமாக இருக்கும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொன்னது. மறு ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். சாலை அமைத்தவரின் குறையால் உயிர் போனாலோ ஊனமானாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கள் ஆளுக்கு உயிர் போகவில்லை. அது அவர் செய்த பிழை போலிருக்கிறது. போயிருந்தால் நிவாரணக் காசோலையும் அதைக் கொடுக்கிற படமுமாவது வந்திருக்கும்.

ஜனவரி பிறந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று துண்டறிக்கை கொடுக்கிறீர்கள். தலைக்கவசம் அணி, நிதானமாகப் போ, பணி நடக்கும் இடத்தில் வேகத்தைக் குறை. எல்லாம் சரி. பணி நடக்கும் இடம் என்று யார் சொல்வது? தெரியாத பள்ளத்துக்கு எந்த வேகத்தில் போவது பாதுகாப்பு?

எங்கள் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். வண்டி வந்தால் கைகாட்டித் திருப்பிவிட ஒரு பிள்ளையாவது முனையில் நிற்கும். அறுந்தால் பிணைத்துக்கொள்ளக்கூடிய நூலுக்கு நாங்கள் கொடுக்கும் காவல் அது. மந்திரி வருகிற நாளில் உங்களுக்கும் கொடியோடு ஆள் கிடைக்கிறார், வரிசையாகக் கூம்புகள் முளைக்கின்றன, இரவில் மஞ்சள் விளக்குகூட மின்னுகிறது. கார் தாண்டியதும் அவற்றை எங்கே கொண்டுபோய் வைக்கிறீர்கள்? இடத்தைச் சொன்னால் நாங்களே எடுத்து வந்து நட்டுக்கொள்கிறோம். வாடகை வேண்டுமானால் ஊரில் வசூல் செய்து தருகிறோம்.

பொறியாளரே, அந்தச் சிறுபாலத்தில் ஒரு பக்கம் கான்கிரீட் போட்டாயிற்று. இப்போது மறு பாதியைத் தோண்டியிருக்கிறீர்கள். சவுக்குக் கம்பு வந்துவிட்டது, சிவப்புத் துணியும் வந்துவிட்டது. பலகைதான் வரவில்லை. இந்தப் பக்கத்துக்கு யார் விழுந்த பிறகு பலகை வரும் என்பதை முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். அந்த வீட்டுக்காரர்களாவது ஆளை இருட்டில் வெளியே அனுப்பாமல் இருப்பார்கள்.

இப்படிக்கு,
அதே வழியில் தினமும் வீடு திரும்புகிறவன்,
ஆரணி.