அம்மாவும் பட்டணம் பார்க்கட்டும்
(பத்தாம் வகுப்பு மாணவியர் சிலர்)

நம் ஊர் ஊராரெல்லாம் வந்து பார்க்கும் ஊர். காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெற்ற தாயைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பிள்ளைகள் ராமேஸ்வரம் வருகிறார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுகிறார்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, கீழே போகும் ரயிலைத் தாய்க்குக் காட்டுகிறார்கள். அரிச்சல்முனை வரை போய், இரண்டு கடலும் கூடும் இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிறு வயது முதல் நாங்கள் இதைப் பார்த்தே வளர்ந்தோம். ஆனால், தோழியரே, இந்த ஊரிலிருந்து தன் அம்மாவை ஊர் பார்ப்பதற்கென்றே சென்னைக்கு அழைத்துப் போனவர் எத்தனை பேர்?

கல்யாணத்துக்குப் போனது கணக்கில் சேராது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதும் சேராது. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் அப்பாவை வழியனுப்ப விமான நிலைய வாசல் வரை போய், அழுதுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியதை ஊர் பார்த்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேளாங்கண்ணியும் ஓரியூரும் நேர்ச்சைக்காகப் போன ஊர்கள். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், எங்களில் பலருடைய அம்மாவுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இந்த ஆண்டு அரசுப் பொதுத் தேர்வு முடிந்ததும் சென்னை பார்க்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் பலர் வீட்டில் கேட்டிருக்கிறோம். "நல்ல மார்க் எடு, பார்க்கலாம்" என்பது வழக்கமான பதில். அனுமதி கிடைத்தால் துணைக்கு வருபவர் அம்மா. இங்கேதான் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அம்மா துணைக்கு வரக்கூடாது. அம்மாவும் ஊர் பார்க்க வரவேண்டும். பையைக் காத்துக்கொண்டு வெளியே உட்காரும் ஆளாக அவரை அழைத்துப் போவதானால் போகாமலே இருக்கலாம். பயணத்தைத் திட்டமிடும் வேலையை நாமே எடுத்துக்கொண்டால்தான் இது நடக்கும். இத்தனை வருடம் டிபன் பாக்ஸ் முதல் ரிப்பன் வரை நமக்காகத் திட்டமிட்டவரிடம் இதையும் போட்டால், அது அவருக்கு இன்னொரு வேலையாகிவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போனவர்களில் உலகமே அறிந்தவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் படித்த அவர், 1950களில் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தபோது, கட்டணத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அவருடைய தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். எல்லாரும் இதைப் படித்துவிட்டுக் கலாமின் உழைப்பைப் பேசுகிறோம். நாங்கள் இம்முறை அந்த வளையல்களைப் பற்றி யோசித்தோம். நம் கரையிலிருந்து வெளியே போகிறவர்களின் பயணச் செலவில் எப்போதும் ஒரு பெண்ணின் நகை இருக்கிறது. போகிறவர் வேறு, நகை கொடுத்தவர் வேறு. சென்னை ரயில் தாம்பரத்துக்கு அப்பால் போகுமானால் குரோம்பேட்டை வழியாகத்தான் போகும். அந்த நிலையம் வரும்போது அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, "இங்கேதாம்மா படிச்சார்" என்று காட்டவேண்டும் என்பது எங்கள் பட்டியலில் முதல் வரி.

"அம்மாவுக்கு அங்கே என்ன புரியும்? பயந்துபோவார்" என்று சில அண்ணன்மார் சொல்வதுண்டு. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்னும் அம்மையாருக்கு, தீவுகளைக் காப்பவர்களுக்கு அளிக்கப்படும் சீகாலஜி விருதை 2015ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க அமைப்பு அளித்தது. அவர் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தொழில் செய்தவர். மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கிக்கொண்டு பாறையில் கை வைக்கத் தெரிந்த பெண்கள் நிறைந்த கரை இது. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு விடியலில் தனியே பஸ் ஏறும் பெண்களும் இங்கே உண்டு. பாரிமுனையில் சாலையைக் கடக்க இவர்களுக்குத் தெரியாதா?

இனி எங்கே தங்குவது என்ற விஷயம். எங்களுக்குள் பெரிய விவாதமே இதில்தான். சென்னை என்றதும் வீட்டில் எல்லாரும் சொல்வது, "சித்தி வீடு இருக்கிறதே, அத்தை வீடு இருக்கிறதே" என்பது. உறவினர் வீட்டில் தங்கினால் நடப்பது என்ன என்று பார்த்திருக்கிறோம். ரயிலைவிட்டு இறங்கிப் பையை வைத்ததும், "நீ உட்காரு அண்ணி" என்பார்கள், அம்மா உட்காரமாட்டார். வெங்காயம் உரிப்பார். இட்லி ஊற்றுவார். கொண்டுபோன கருவாட்டையும் முண்டு மிளகாயையும் பிரித்து வைப்பார். பத்து மணிக்குக் கிளம்பலாம் என்றால், "மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகலாமே" என்று பேச்சு வரும். கடைசியில் பிள்ளைகள் அந்த வீட்டு அக்காவோடு வெளியே போக, அம்மா அங்கேயும் ஓர் அடுப்படியைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புவார். பாவம், உறவினரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு அறை வீட்டில் நமக்கும் இடம் தருகிறவர்கள்.

ஆகவே நாங்கள் சொல்லும் வழி இது. இரவு ராமேஸ்வரத்தில் ரயில் ஏறினால் விடியலில் சென்னை. போக ஓர் இரவு, வர ஓர் இரவு இரண்டும் ரயிலிலேயே கழியும். இரண்டு பகல் பார்ப்பதானால் நடுவில் ஓர் இரவுதான் தங்கவேண்டும். அந்த ஓர் இரவுக்கு நிலையத்துக்கு அருகில் நல்ல அறையை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பெண்கள் மட்டும் தங்கும் இல்லங்களும் இருக்கின்றன. நம் சிஸ்டர்களிடம் கேட்டால், அவர்களுக்குத் தெரிந்த கன்னியர் இல்லத்தில் இடம் உண்டா என்று எழுதிக் கேட்பார்கள். சித்தி வீட்டுக்கு மாலையில் போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். "உறவு விட்டுப் போகுமே" என்று பாட்டி கோபிக்கத்தான் செய்வார். உண்மையாகவே நல்ல உறவு ஒரு காப்பியில் விட்டுப்போகாது என்பது எங்கள் துணிபு.

எத்தனை இடம் பார்ப்பது? ஒரே நாளில் பத்து இடம் காட்டும் வேன்கள் நம் ஊரிலேயே ஓடுகின்றன. இறங்கியவர்கள் ஏறுவதற்குள் ஹாரன் அடிப்பார்கள். அந்தப் பிழைப்பு நமக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். ஏப்ரல், மே மாத வெயிலில் அதுவே அதிகம்.

முதல் நாள் காலை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டால் வாசலில் நின்று திரும்பவேண்டியதுதான். வெண்கலச் சிலைகளைப் பார்க்க உலகமெங்கும் இருந்து வருகிறார்கள். அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றும் உண்டு. அதன் முன்னால் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய மீனைப் பற்றிப் பலகையில் எழுதியிருப்பதைவிட அதிகமாகச் சொல்வார். பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம்.

பிற்பகல் நன்றாகத் தூங்கிவிட்டு, வெயில் தாழ்ந்தபின் சாந்தோம். புனித தோமாவின் கல்லறை மேல் எழுந்த பேராலயம் அது. இப்போதுள்ள கோபுரக் கட்டடம் 1896இல் முடிந்தது. ஆலயத்துக்குப் பின்னால் கடலை ஒட்டி லூப் ரோடு என்று ஒரு சாலை கலங்கரை விளக்கம் வரை போகிறது. நொச்சிக்குப்பம் மீன் அங்காடி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். "மீன் அங்காடியைப் பார்க்கவா சென்னைக்குப் போவது?" என்று எங்களில் ஒருத்தி சிரித்தாள். ஆனால் அம்மாக்களிடம் சொன்னபோது முகம் மலர்ந்தது இதற்குத்தான். நாம் சீலா என்பதை அங்கே வஞ்சிரம் என்பார்கள். அதற்கு என்ன விலை, ஐஸ் எத்தனை நாள் பட்டது, நம் கரையில் எடுத்த மீனை அங்கே யார் விற்கிறார்கள் என்றெல்லாம் அவருக்குக் கேட்க ஆயிரம் இருக்கிறது. பணம் வாங்காமல் பேசுவதற்கு அங்கேயும் நம் அம்மா போன்ற பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியே நடந்தால் மெரினா. கடலோரத்துப் பெண்களுக்குக் கடல் என்ன புதிது என்று கேட்கலாம். வடக்கே பெண்கடலும் தெற்கே ஆண்கடலும் பார்த்துப் பழகியவர்கள்தாம் நாம். என்றாலும் கடலுக்கு எதிரே வேலை எதுவும் இல்லாமல், வலையும் கூடையும் இல்லாமல், சுண்டல் பொட்டலத்தோடு அம்மா உட்கார்ந்ததை நாங்கள் பார்த்ததில்லை. அதற்காகவே போகவேண்டும். குளிக்க மட்டும் இறங்கவேண்டாம். பாக் கடல் போல அல்ல அங்கே, அலை இழுத்துவிடும்.

ஊருக்குள் போக ஆட்டோவிடம் பேரம் பேசி அழவேண்டியதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சென்னையிலும் அப்படியே. அம்மாவும் நாமும் ஏறினால் இரண்டு பேருக்கும் செலவில்லை. ஒரு முறையாவது மெட்ரோவில் ஏறவேண்டும். 2015இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில் எழும்பூரில் பூமிக்குள் போகிறது, கிண்டிப் பக்கம் பாலத்தின் மேல் ஏறுகிறது, விமான நிலையம் வரை செல்கிறது.

எங்களுள் ஒருத்தியின் உம்மா விமான நிலையத்துக்கு ஆறு முறை போயிருக்கிறார். ஆறு முறையும் வாப்பாவை வழியனுப்பத்தான். "எங்கே போகணும்மா?" என்று கேட்டபோது, "அழாம ஒரு தடவ பிளேன் ஏறுறத நின்னு பாக்கணும்" என்றாராம். எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இந்த இடம் இல்லை. கேட்டால்தான் தெரியும். இன்னொரு அம்மாவுக்கு மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தின் கீழே நிற்க ஆசை. 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தைப் பழைய படங்களில் பார்த்ததாம், அவ்வளவுதான். அதைவிட உயரமான கட்டடங்கள் பல வந்துவிட்டன என்று மகள் சொல்ல, "இருந்துட்டுப் போகட்டும்" என்று பதில் வந்தது.

ஆனால் கேட்டவுடன் யாரும் சொல்லவில்லை. முதல் முறை கேட்டால், "எனக்கென்னடி, உனக்குப் பிடிச்ச இடத்துக்குப் போவோம்" என்பார். இரண்டாம் முறை, "ரெண்டு பாத்திரம் வாங்கணும், உனக்கு ஒரு சுடிதார் எடுக்கணும்" என்பார். அதையும் விட்டுவிட்டு, இரவு விளக்கணைத்தபின் மூன்றாம் முறை கேட்கவேண்டும்.

பணம் இல்லையே என்ற பேச்சு நியாயமானது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை நீடிக்கிறது. பொதுத் தேர்வு முடிந்த விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் அப்போது கையில் காசு இராது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது, இந்த வருடமே சென்னை என்று பிடிவாதம் வேண்டாம். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. சேதுபதி மன்னர் காலத்துச் சுவரோவியங்கள் அறை அறையாக நிறைந்திருக்கின்றன. ஒரு பஸ் தூரம். அம்மாவை அங்கே ஒரு நாள் அழைத்துப் போய்ப் பழகலாம். நம் வீட்டு வாசலில் உள்ள இதையே நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இரண்டு பெண்கள் தனியாகவா என்று அப்பா கேட்பார். அவருக்குத் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும்: எந்த ரயில், எந்தப் பெட்டி, தங்கும் இடத்தின் முகவரி, எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவோம் என்பவை. ரயிலில் உதவிக்கு 139, பெண்கள் உதவிக்கு 181. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்த பிறகு கோபம் பாதி குறையும். மீதியைப் பாட்டியிடம் விட்டுவிடலாம்.

நம் தீவுக்குள் ரயில் வருவது 2022 டிசம்பரில் நின்றுபோய், 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் மீண்டும் வந்தது. இடையில் மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ போய் ஏறவேண்டியிருந்தது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. விடுமுறைக் கூட்டத்தில் அன்றைக்கே பதியாவிட்டால் இடம் கிடைப்பது அரிது. 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப்படுக்கையில் முன்னுரிமை உண்டு, ஆகவே அம்மாவின் வயதைக் கூச்சப்படாமல் சரியாக எழுதுங்கள். வண்டி எழும்பூர் வரை போகிறதா தாம்பரத்தோடு நிற்கிறதா என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ளவேண்டும். மே முதல் வாரம் போக நினைப்பவர்கள் மார்ச் முதல் வாரமே பதியவேண்டும். அப்போது நாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்போம். எனவே அம்மாவிடம் மூன்று முறை கேட்டு முடிக்க நமக்குப் பிப்ரவரி வரைதான் நேரம் இருக்கிறது.